அயர்லாந்தில் வேர் தேடுபவர் முதலில் தேட வேண்டியது ஊர்ப்பெயர்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கணவர் வீட்டார் சல்லிவன் குடும்பம். முதலில் அமெரிக்கா வந்தவர் கணவரின் எள்ளுத்தாத்தா. 1850களில் நியூயார்க்கில் வந்து இறங்கினார். ‘கவுன்டி கார்க்’, அதாவது கார்க் மாவட்டம் என்பதைத் தவிர ஊரைப் பற்றி வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. நியூயார்க் துறைமுகத்தில் குடியேறிகளைச் சோதித்து உள்ளே விட்ட எல்லிஸ் தீவில் அதிகாரிகள் ‘ஓ சல்லிவன்’ என்ற பெயரிலிருந்து ஓவை வெட்டிவிட்டார்கள் என்று மாமியார் சொல்கிறார். அயர்லாந்து ஆவணம் எல்லாம் 1922இல் எரிந்துபோயிற்று, தேடுவது வீண் என்று யாரோ உங்களைப் பயமுறுத்தியும் இருக்கிறார்கள். மாமியாருக்கு எண்பது வயது ஆகும் முன் அந்த ஊரைக் கண்டுபிடித்து, அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்ட வேண்டும். முடியுமா?

முடியும் என்றே நம்புகிறேன். ஆனால் பலர் செய்யும் தவறை நீங்கள் செய்யக் கூடாது. ‘ஜான் சல்லிவன், கார்க்’ என்று அயர்லாந்துத் தளங்களில் தட்டிப் பார்த்தால் நூற்றுக்கணக்கில் வந்து கொட்டும். பிறந்த வருடம் கொஞ்சம் ஒத்துப்போகிற ஒருவரைப் பிடித்து, இவர்தான் என்று முடிவுகட்டி, அவருடைய அப்பா, தாத்தா என்று மேலே போய்விடுவார்கள். நான்கு தலைமுறை எழுதி முடித்த பிறகு அது யாரோ ஒரு வீட்டு வம்சாவளி என்று தெரியவரும். நானும் தொடக்கத்தில் ஒரு நண்பர் குடும்பத்துக்காக எட்டு மாதம் இப்படி ஒரு தவறான ஆளின் பின்னால் போயிருக்கிறேன். நான் தேடிக்கொண்டிருந்தவர் அமெரிக்காவில் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்த அதே காலத்தில், என் கையில் இருந்த ஆள் அயர்லாந்தில் கல்யாணம் செய்துகொண்டிருந்தார். நண்பரின் அம்மாவிடம் அதைச் சொல்ல வேண்டியிருந்த நாள் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

அயர்லாந்து ஆவணங்களில் ஊர் தெரியாமல் ஆளைப் பிடிக்க முடியாது. அங்கே ‘டவுன்லேண்ட்’ என்று ஒரு நில அலகு உண்டு. பெயரில் டவுன் இருந்தாலும் நகரம் இல்லை. பல இடங்களில் நாலைந்து வீடு, சுற்றி வயல், ஒரு ஓடை, அவ்வளவுதான். நம் பக்கத்துப் பட்டி, குக்கிராமம் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். நாடு முழுக்க 60,000க்கும் மேற்பட்ட டவுன்லேண்டுகள், கார்க் கவுன்டியில் மட்டும் 5,000க்கும் மேல். ஒரே பெயரில் பல டவுன்லேண்டுகளும் இருக்கும். டவுன்லேண்டுகள் சேர்ந்து ‘பங்கு’ (ஆங்கிலத்தில் பாரிஷ்), பங்குகள் சேர்ந்து ‘பேரனி’ என்ற பெரிய பிரிவு, அதற்கு மேலே கவுன்டி. இதில் அரசுக் கணக்குக்கான பங்கு வேறு, கத்தோலிக்கத் திருச்சபையின் பங்கு வேறு. இரண்டின் எல்லையும் பெரும்பாலும் பொருந்தாது. ஞானஸ்நானப் பதிவேடு, குத்தகைக் கணக்கு, வரிக் கணக்கு எல்லாமே இந்தச் சின்ன அலகுகள்படிதான் கிடக்கின்றன. ஆகவே கடலைத் தாண்டும் முன் குறைந்தது பங்கின் பெயராவது கையில் இருக்க வேண்டும்.

அந்தப் பெயர் அமெரிக்காவில்தான் கிடைக்கும். அதுவும் பெரும்பாலும் எள்ளுத்தாத்தாவின் சொந்த ஆவணத்தில் கிடைக்காது. அவருடைய அண்ணன் தம்பி, அக்கா தங்கை, கல்யாணத்துக்குச் சாட்சி நின்றவர், பிள்ளையின் ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நின்றவர், ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தவர், இப்படி யாராவது ஒருவருடைய காகிதத்தில் கிடைக்கும். அந்தக் காலத்து ஐரிஷ்காரர் தனியாக வந்து, தனியாக வாழ்ந்தவர் இல்லை. முதலில் ஒருவர் வருவார். சம்பாதித்து அடுத்தவருக்குக் கப்பல் கட்டணம் அனுப்புவார். வந்தவர் அதே தெருவில் குடியேறுவார். ஊரே கொஞ்சம் கொஞ்சமாகக் கடல் தாண்டி வந்து பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்ததுதான் அந்த வரலாறு. அதனால் ஒருவரைத் தேடாமல் பத்துப் பேரைத் தேடுங்கள்.

எல்லிஸ் தீவுக் கதையை முதலில் பார்த்துவிடுவோம். எல்லிஸ் தீவு திறந்தது 1892 ஜனவரி 1. உங்கள் எள்ளுத்தாத்தா வந்து இறங்கி அதற்குள் முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. 1855 ஆகஸ்டுக்கு முன் வந்திருந்தால் நேராகத் துறைமுகத்தில் இறங்கி நடந்து போயிருப்பார். அதற்குப் பின் வந்திருந்தால் மன்ஹாட்டனின் தென்முனையில் இருந்த காஸில் கார்டன் என்ற குடியேறிகள் நிலையம் வழியாக. எல்லிஸ் தீவிலும் அதிகாரிகள் யாருடைய பெயரையும் மாற்றவில்லை. பெயர்ப் பட்டியல் கப்பல் புறப்பட்ட ஊரில் தயாரானது. இங்கே அதைச் சரிபார்த்தார்கள், அவ்வளவுதான். ‘ஓ’ போனது அயர்லாந்திலேயே. ஆங்கில ஆட்சியின் கீழ் பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஏராளமான குடும்பங்கள் ‘ஓ’வையும் ‘மக்’கையும் விட்டுவிட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கேலிக் (ஐரிஷ்) மொழி மறுமலர்ச்சி வந்தபோது பலர் திரும்பவும் சேர்த்துக்கொண்டார்கள்.

மாமியாரிடம் இதைச் சொல்லும்போது கூடவே ஆனி மூரின் கதையையும் சொல்லுங்கள், அவருக்குப் பிடிக்கும். எல்லிஸ் தீவு வழியாக முதலில் உள்ளே வந்தவர் அந்த 17 வயதுப் பெண். குயின்ஸ்டவுன் துறைமுகத்தில், அதாவது இன்றைய கோவ் நகரில், ‘நெவாடா’ என்ற கப்பலில் ஏறித் தம்பிகள் ஆண்டனி, ஃபிலிப் இருவரையும் கூட்டிக்கொண்டு வந்தார். பெற்றோர் முன்பே நியூயார்க்கில் இருந்தார்கள். இறங்கியதும் பத்து டாலர் தங்கக் காசு ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். அதன் பிறகு அவர் மேற்கே டெக்சாஸ் போனார், அங்கே டிராம் வண்டி மோதி இறந்தார் என்று பல ஆண்டுகள் எல்லோரும் நம்பினார்கள். அந்த டெக்சாஸ் குடும்பத்தாரை விழாக்களுக்குக்கூட அழைத்தார்கள். மேகன் ஸ்மோலென்யாக் என்ற வம்சாவளி ஆய்வாளர் மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எடுத்துப் பார்த்தபோது, டெக்சாஸ் ஆனி மூர் இல்லினாய் மாநிலத்திலேயே பிறந்தவர் என்று இருந்தது. நிஜமான ஆனி எங்கே? 2006இல் விடை கிடைத்தது. வழி காட்டியது தம்பி ஃபிலிப்பின் குடியுரிமைக் காகிதம். அதைப் பிடித்துக்கொண்டு ஃபிலிப்பின் மகள், பிறகு இன்று இருக்கும் வாரிசுகள் என்று போனார்கள். ஆனி மன்ஹாட்டனின் கீழ்க்கிழக்குப் பகுதியை விட்டு எங்கும் போகவில்லை. அங்கேயே கல்யாணம், பல பிள்ளைகள், அதில் சிலரைச் சிறு வயதிலேயே பறிகொடுத்த துயரம். 1924இல் இறந்து, குயின்ஸில் உள்ள கால்வரி கல்லறைத் தோட்டத்தில் பெயர்க்கல் இல்லாமல் கிடந்தார். 2008இல்தான் கல் வைத்தார்கள். அக்காவைக் கண்டுபிடிக்கத் தம்பியின் காகிதம் தேவைப்பட்டது. உங்கள் தேடலும் இப்படித்தான் போகும்.

அடுத்து 1922 தீ. அது உண்மைதான், பெரிய இழப்புதான். உள்நாட்டுப் போரின்போது ஜூன் 30 அன்று டப்ளினில் ஃபோர் கோர்ட்ஸ் என்ற நீதிமன்ற வளாகத்தில் இருந்த அரசு ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821, 1831, 1841, 1851 கணக்கெடுப்புகளில் கொஞ்சம் துண்டு துணுக்கு தவிர எல்லாம் போயிற்று. அயர்லாந்துத் திருச்சபை என்ற புராட்டஸ்டன்ட் சபையின் பதிவேடுகளில் பாதிக்கு மேல் போயிற்று. பழைய உயில்களும் போயின. ஆனால் 1861, 1871 கணக்கெடுப்புகளை அந்தத் தீ எரிக்கவில்லை. கணக்கு எடுத்து முடித்ததும் அரசே அழித்துவிட்டது. 1881, 1891 தாள்களை முதல் உலகப் போர் காலத்தில் காகிதக் கூழாக்கினார்கள். இன்னொரு பக்கம், கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகள் அந்தக் கட்டடத்தில் இருக்கவே இல்லை. அந்தந்தக் கோயிலில், அதாவது தேவாலயத்தில், பங்குத்தந்தையின் அலமாரியில் பத்திரமாக இருந்தன. கிரிஃபித் மதிப்பீடு என்ற வீடு, நில வரிக் கணக்கு அச்சில் வந்துவிட்டதால் தப்பியது. 1864 முதலான பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுகள் வேறு இடத்தில் இருந்தன. கார்க் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பத்துக்கு வேண்டிய பெரும்பகுதி இன்னும் இருக்கிறது என்பதே என் பதில்.

அந்தத் தீயில் தப்பிய ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. 1909 ஜனவரி முதல் 70 வயது ஆனவர்களுக்கு அரசு முதியோர் உதவித்தொகை கொடுக்க ஆரம்பித்தது. ஏழைக் கிழவர், கிழவிகளிடம் பிறப்புச் சான்று ஏது? 1864க்கு முன் அரசுப் பதிவே இல்லை. அதனால் ‘1851 கணக்கெடுப்பில் என் பெற்றோர் இன்ன ஊரில் இருந்தார்கள், நான் குழந்தையாக இருந்தேன், பார்த்துச் சொல்லுங்கள்’ என்று விண்ணப்பம் போட்டார்கள். டப்ளினில் இருந்த எழுத்தர்கள் அந்த மூலத்தாளை எடுத்துப் பார்த்து, குடும்பத்தார் பெயர், வயதை அந்தப் படிவத்திலேயே குறித்து வைத்தார்கள். மூலம் எரிந்துவிட்டது. படிவங்கள் பிழைத்துவிட்டன. ஊரிலேயே தங்கிவிட்ட தம்பியோ தங்கையோ உதவித்தொகை கேட்டிருந்தால், அயர்லாந்தின் பெரும் பஞ்ச காலத்து உங்கள் வீடு ஒரு சின்னத் தாளில் இருக்கலாம். அந்தப் படிவங்களை அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

சரி, அமெரிக்கப் பக்கத்துக்கு வருவோம். இங்கேதான் நீங்கள் நிறைய நேரம் செலவிட வேண்டும்.

நியூயார்க் என்பதால் உங்களுக்கு ஒரு பெரிய அதிர்ஷ்டம் உண்டு, எமிகிரன்ட் சேமிப்பு வங்கி. ஐரிஷ் குடியேறிகளின் சங்கத்தார் சேர்ந்து 1850இல் மன்ஹாட்டனில் திறந்த வங்கி அது. வேலைக்காரப் பெண்கள், கூலிக்காரர்கள், வண்டிக்காரர்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் போட்டார்கள். பாதிப் பேருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாத காலத்தில் பணம் எடுக்க வருபவர் அதே ஆள்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கணக்குத் தொடங்கும்போதே குடும்ப விவரத்தைக் கேட்டு ஒரு பேரேட்டில் எழுதிக்கொண்டார்கள். பிறகு ஆள் வந்து நின்றால் அதிலிருந்தே கேள்வி கேட்பார்கள். அதனால் அந்தப் பேரேட்டில் எந்தக் கவுன்டி, எந்தப் பங்கு, சில சமயம் எந்த டவுன்லேண்ட், எந்தக் கப்பலில் எந்த வருடம் வந்தார், அப்பா உயிரோடு இருக்கிறாரா, அம்மாவின் கல்யாணத்துக்கு முந்தைய பெயர் என்ன, அண்ணன் தம்பி எத்தனை பேர், யார் அயர்லாந்தில், யார் இங்கே என்று எல்லாம் இருக்கும். பணத்தைக் காப்பாற்ற எழுதியது, குடும்பத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. மூலம் நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கிறது. ஆன்செஸ்ட்ரி என்ற கட்டண வம்சாவளித் தளத்திலும் தேடலாம், பல ஊர் நூலகங்களில் அந்தத் தளத்தை இலவசமாகவே பார்க்க முடியும். எள்ளுத்தாத்தா பெயரோடு நிறுத்தாமல் அவர் மனைவி, மனைவியின் அக்கா தங்கை பெயரிலும் தேடுங்கள். வீட்டுவேலை பார்த்த பெண்கள்தான் அங்கே நிறையச் சேமித்தவர்கள்.

இரண்டாவது, பாஸ்டன் பைலட் என்ற கத்தோலிக்கப் பத்திரிகை. 1831 முதல் 1921 வரை ‘காணாமற்போன நண்பர்கள்’ என்ற தலைப்பில் விளம்பரங்கள் வெளியிட்டார்கள். இன்ன பங்கைச் சேர்ந்த இன்னார், இன்ன வருடம் லிவர்பூலிலிருந்து வந்தார், கடைசியாக ஓஹாயோவில் ரயில்பாதை வேலையில் இருந்ததாகக் கேள்வி, தங்கை தேடுகிறாள், தகவல் தெரிந்தவர் எழுதுங்கள் என்ற மாதிரி இருக்கும். தேடும் ஆள் வேறு யாரும் இல்லை என்று அடையாளம் தெரிய வேண்டும் என்பதால் ஊரைத் துல்லியமாக எழுதினார்கள். பாஸ்டன் பத்திரிகை என்று தள்ளிவிடாதீர்கள், நாடு முழுவதும் படித்தார்கள். பாஸ்டன் கல்லூரி இவற்றைத் தொகுத்துத் தேடும்படி வைத்திருக்கிறது. நான் இதைத் திறந்தால் வேலையை மறந்து படித்துக்கொண்டே இருந்துவிடுவேன். ஒவ்வொன்றும் நாலு வரி; ஒவ்வொன்றிலும் ஒரு அம்மாவோ தங்கையோ காத்திருக்கிறாள்.

அப்புறம் கோயில் பதிவேடுகள். அரசுத் திருமணச் சான்றிதழில் ‘அயர்லாந்து’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். அதே கல்யாணத்தைப் பதிவு செய்த பங்குச் சாமியார் சில சமயம் மணமக்கள் எந்தக் கவுன்டி, எந்தப் பங்கு என்று எழுதியிருப்பார், அவருக்கு அது முக்கியம். ஆகவே ஒரே நிகழ்ச்சிக்கு அரசுப் பதிவும் கோயில் பதிவும் இரண்டையும் எடுங்கள். நியூயார்க் நகரத்தின் பழைய பிறப்பு, திருமண, இறப்புச் சான்றிதழ்களை மாநகர ஆவணக் காப்பகம் 2022 முதல் இலவசமாக இணையத்தில் காட்டுகிறது. இறப்புச் சான்றிதழில் பெற்றோர் பெயர் இருந்தால் அதைப் பத்திரமாகக் குறித்துக்கொள்ளுங்கள், அயர்லாந்தில் ஆளை அடையாளம் காண அதுதான் சாவி.

கல்லறைக் கல், இரங்கல் செய்தி இரண்டையும் விடாதீர்கள். ‘இன்ன பங்கில் பிறந்தவர், கவுன்டி கார்க்’ என்று கல்லில் வெட்டும் பழக்கம் ஐரிஷ்காரர்களிடம் இருந்தது. செய்தித்தாளில் இறப்பு அறிவிப்பின் கடைசியில் ‘கார்க் பத்திரிகைகள் தயவுசெய்து எடுத்துப் போடவும்’ என்று ஒரு வரி வரும். ஊரில் இருக்கும் உறவுக்குச் சேதி போய்ச் சேர வேண்டும் என்பதற்காக. அந்த வரியைப் பார்த்தால் உடனே கார்க் செய்தித்தாளின் அதே மாத இதழ்களைத் தேடுங்கள். அங்கே வந்த அறிவிப்பில் ஊர்ப்பெயர் இருக்க வாய்ப்பு அதிகம்.

குடியுரிமைக் காகிதம் உங்கள் எள்ளுத்தாத்தா காலத்தில் அவ்வளவு பயன் தராது. 1906 செப்டம்பருக்கு முந்தையவற்றில் பெரும்பாலும் ‘அயர்லாந்து’ என்றுதான் இருக்கும். ஆனால் அவருடைய தம்பி மகனோ அக்கா மகனோ 1906க்குப் பின் வந்து குடியுரிமை வாங்கியிருந்தால் பிறந்த ஊர், தேதி எல்லாம் இருக்கும். கப்பல் பட்டியலும் அப்படியே. 1850களின் பட்டியலில் பெயர், வயது, தொழில், நாடு மட்டும்தான். கார்க்கிலிருந்து வந்த சல்லிவன்கள் எத்தனை ஆயிரம் பேர்! கனடா போகும் கட்டணம் குறைவு என்று கியூபெக்கில் இறங்கித் தெற்கே வந்தவர்களும் உண்டு, அவர்கள் பெயர் நியூயார்க் பட்டியலில் இருக்கவே இருக்காது. கப்பலைக் கண்டுபிடிக்க ஆசையாக இருக்கும், அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்கக் கணக்கெடுப்பில் 1850 முதல் வீட்டில் உள்ள அனைவர் பெயரும் இருக்கும். 1880 முதல் குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்பதும், 1900இல் குடியேறிய வருடமும் இருக்கும். 1890 தாள்கள் 1921இல் வாஷிங்டனில் தீப்பிடித்துப் பாழானதால், நடுவில் இருபது வருட இருட்டு. அதை நியூயார்க் மாநிலம் தனியாக எடுத்த கணக்கெடுப்புகள், நகர முகவரிப் புத்தகங்கள் வைத்து நிரப்ப வேண்டும். ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் முன்னும் பின்னும் இரண்டு மூன்று பக்கம் புரட்டி, அயலில் யார் இருந்தார்கள் என்று எழுதி வையுங்கள். இருபது வருடத்தில் மூன்று முறை அயலில் வரும் பெயர் தற்செயல் இல்லை.

‘கார்க்’ என்ற வீட்டு நினைவை நம்பலாமா? பாதி நம்புங்கள். கார்க்கில் கப்பல் ஏறியவர்களின் பேரப்பிள்ளைகள் துறைமுகத்தையே சொந்த ஊர் என்று நினைத்துக்கொண்ட சங்கதி நிறைய உண்டு. சல்லிவன் பெயர் கார்க், கெர்ரி இரண்டு கவுன்டியிலும் மண்டிக் கிடக்கிறது. பீரா தீபகற்பத்தில் இரண்டுக்கும் எல்லை ஓடுகிறது. அந்தப் பக்கம் சல்லிவன்கள் இவ்வளவு பேர் என்பதால் கிளைக்குக் கிளை ஒரு பட்டப்பெயர் வைத்துத்தான் பிரித்துச் சொல்வார்கள், நம் ஊரில் வீட்டுக்கு வீடு பட்டப்பெயர் இருப்பது போல. உங்கள் வீட்டில் பொருள் புரியாத ஒரு பழைய அடைமொழி யாராவது சொல்லக் கேட்டிருந்தால் அதை அப்படியே ஒலிப்படி எழுதி வையுங்கள்.

முதற்பெயர்களிலும் கவனம் வேண்டும். பிரிட்ஜெட் என்பவள் பிட்டி, டீலியா, பெடீலியா என்று வருவாள். ஹனோரா என்பவள் நோரா, ஹன்னா. டார்பி என்பவரும் ஜெரமையா என்பவரும் ஒரே ஆள், இரண்டும் டியர்மட் என்ற ஐரிஷ் பெயருக்கு வைத்த ஆங்கில வேடம். டைக் என்ற பெயர் ‘திமோதி’ ஆகும், ‘தேடி’ (Thady) ஆகும். கோயில் பதிவேட்டில் இதுவே லத்தீனில் இருக்கும்: ஜேம்ஸ் ஜேக்கபஸ் ஆகிவிடுவார், வில்லியம் குலியெல்மஸ். வயதை நம்பவே வேண்டாம். பிறந்த நாள் கொண்டாடும் வழக்கம் இல்லாதவர்கள். ஐந்து வருடம் முன்னே பின்னே போவது சாதாரணம். 1901இல் 56 என்று சொன்னவர் 1911இல் 70 என்று சொல்வார், நடுவில் உதவித்தொகைச் சட்டம் வந்துவிட்டது.

பெயர் வைக்கும் வழக்கம் ஒன்று உங்களுக்கு உதவும். மூத்த மகனுக்கு அப்பா வழித் தாத்தா பெயர், இரண்டாவது மகனுக்கு அம்மா வழித் தாத்தா பெயர். மூத்த மகளுக்கு அம்மா வழிப் பாட்டி பெயர், அடுத்தவளுக்கு அப்பா வழிப் பாட்டி பெயர். நமக்கு இது புதிதா என்ன? நியூயார்க்கில் பிறந்த பிள்ளைகளை வரிசைப்படுத்தினால் அயர்லாந்தில் இருந்த தாத்தா, பாட்டி பெயர் தானாக மேலே வரும். சட்டம் இல்லை, வழக்கம்தான். ஆனாலும் மற்ற ஆதாரத்தோடு சேர்ந்தால் பலம்.

பங்கின் பெயர் கிடைத்துவிட்டது என்று வையுங்கள். இப்போது கடல் தாண்டலாம். முதலில் அயர்லாந்து தேசிய நூலகத்தின் தளம். கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகளின் படங்களை 2015 முதல் இலவசமாகப் போட்டிருக்கிறார்கள், சுமார் 1880 வரை. மேற்குக் கடலோரப் பங்குகளில் பல 1820களுக்குப் பிறகுதான் தொடங்கும். அதற்கு மேல் போக முடியாது என்றால் வருத்தப்படாதீர்கள். மை பரவிய லத்தீனில், ஒரு வரியில் ஒரு குழந்தை: தேதி, குழந்தை பெயர், அப்பா பெயர், அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர், டவுன்லேண்ட், கடைசியில் ஞானப்பெற்றோர் இருவர். அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரை எழுதும் அந்த வழக்கத்தால்தான் நூறு சல்லிவன்களுக்கு நடுவில் உங்கள் சல்லிவனைப் பிரிக்க முடிகிறது. ஒரே தம்பதியின் எல்லாப் பிள்ளைகளையும் எடுத்து அடுக்குங்கள். ஞானப்பெற்றோர் பெயர்கள் நியூயார்க்கில் நீங்கள் குறித்து வைத்த அண்டை வீட்டுப் பெயர்களோடு சேர்கிறதா பாருங்கள். சேர்ந்தால் அன்று இரவு தூக்கம் வராது.

அடுத்தது கிரிஃபித் மதிப்பீடு. ரிச்சர்ட் கிரிஃபித் என்பவர் தலைமையில் 1847 முதல் 1864 வரை வரி போடுவதற்காக நாடு முழுக்க வீடு, நிலத்தை அளந்து அச்சிட்ட கணக்கு. ‘ஆஸ்க் அபௌட் அயர்லாந்து’ தளத்தில் வரைபடத்தோடு இலவசமாகப் பார்க்கலாம். குத்தகைதாரர் பெயர், அவருக்கு நிலத்தை விட்டவர் பெயர், எத்தனை ஏக்கர், எவ்வளவு மதிப்பு என்று இருக்கும். ‘வீடு, ஆபீஸ், நிலம்’ என்று ஒரு குறிப்பு வரும். ஆபீஸ் என்றால் அலுவலகம் இல்லை, மாட்டுத் தொழுவம், வைக்கோல் கொட்டகை மாதிரி வெளிக்கட்டடம். ஒரே டவுன்லேண்டில் இரண்டு ஜான் சல்லிவன் இருந்தால் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் அப்பா பெயரைப் போட்டிருப்பார்கள். நாம் இனிஷியல் போடுவதுபோலத்தான், ஒரு தலைமுறை மேலே போக அந்த ஒரு சொல் போதும். வரைபட எண் 7ஏ, 7பி என்று அடுத்தடுத்து இருந்தால் ஒரே நிலத்தைப் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பிகளாக இருக்கலாம்.

இதற்குப் பிறகு வந்த திருத்தப் புத்தகங்கள்தான் உங்கள் பயணத்துக்கு முக்கியம். பட்டா மாறுதல் பார்த்துப் பழகியவர்களுக்கு இது சட்டென்று புரியும். நிலம் கை மாறும்போதெல்லாம் பழைய பெயரை அடித்துவிட்டு, வேறு நிற மையில் புதிய பெயரையும் வருடத்தையும் எழுதினார்கள். அந்த நிறங்களைப் பின்தொடர்ந்தால் 1850களின் குத்தகைதாரர், அவர் விதவை, மகன், பேரன் என்று இருபதாம் நூற்றாண்டு வரை வந்துவிடலாம். கார்க் பகுதிக்கானவை டப்ளினில் இருந்த மதிப்பீட்டு அலுவலகத்தின் பொறுப்பில் இருந்தன; அந்த அலுவலகம் 2023இல் Tailte Éireann என்ற அரசு அமைப்போடு இணைந்தது. அந்த நிலத்தில் இன்று யார் இருக்கிறார்கள் என்பது தெரிந்தால், அவர்கள் உங்கள் கணவருக்குத் தூரத்து உறவாகவே இருக்கக்கூடும்.

நடுவில் இருப்பதை 1901, 1911 கணக்கெடுப்புகள் நிரப்பும். இரண்டும் முழுதாகத் தப்பியவை, இலவசம். வீட்டுத் தலைவரே நிரப்பிய படிவத்தின் படத்தைத் திறந்து பாருங்கள். எழுதப் படிக்கத் தெரியுமா, ஐரிஷ் பேசுவார்களா, 1911இல் கல்யாணமாகி எத்தனை வருடம், எத்தனை பிள்ளை பெற்றார்கள், எத்தனை பிழைத்திருக்கிறது என்பது வரை இருக்கும். எழுதத் தெரியாதவர் கீழே ஒரு பெருக்கல் குறி போட்டிருப்பார். எள்ளுத்தாத்தாவின் தம்பி போட்ட அந்தக் குறியை மாமியாருக்குக் காட்டினால் அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது, ஆனால் நான் அதைப் பார்க்கும்போதெல்லாம் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிடுகிறேன். 1864க்குப் பிந்தைய பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவுகளை ‘ஐரிஷ் ஜீனியாலஜி’ என்ற அரசுத் தளத்தில் பார்க்கலாம். ஊரில் தங்கியவர்களின் கல்யாணப் பதிவில் அப்பா பெயர் இருக்கும் என்பதால் குடும்பத்தை முடிச்சுப் போட அது உதவும்.

மரபணுப் பரிசோதனை செய்யலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். செய்யலாம், ஆனால் உங்கள் கணவர் செய்வதைவிட மாமனாரின் அக்கா தங்கை யாராவது இருந்தால் அவர்கள் செய்வது நல்லது. ஒரு தலைமுறை மேலே போனால் பழைய உறவின் பங்கு ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஒத்துவரும் உறவினர்களில் அயர்லாந்திலேயே வாழ்பவர் யாராவது இருந்தால் அவர் தாத்தா எந்த டவுன்லேண்ட் என்று பணிவாக எழுதிக் கேளுங்கள். காகிதத் தேடலுக்கு அது துணைதான். காகிதம் இல்லாமல் அது மட்டும் போதாது.

அடுத்த முறை மாமியார் வீட்டுக்குப் போகும்போது அந்தப் பழைய பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். செபப் புத்தகத்துக்குள் செருகி வைத்த இறந்தவர் நினைவு அட்டைகள் இருக்கும், ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமும் படம் எடுங்கள். கடித உறை இருந்தால் அஞ்சல் முத்திரையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். அயர்லாந்திலிருந்து வந்த புகைப்படங்களைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள், ஸ்டூடியோ பெயரும் நகரத்தின் பெயரும் அச்சிட்டிருக்கும். படம் எடுத்துக்கொள்ள அவர்கள் வண்டி கட்டிக்கொண்டு போன நகரம் அது, வீடு அங்கிருந்து வெகு தூரத்தில் இருக்காது. அந்த நகரத்தின் பெயர் கிடைத்தால் எனக்கு எழுதுங்கள். சுற்றியுள்ள பங்குகளின் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சேர்ந்தே பார்ப்போம்.